கையில் 16, எதிரே 10

பிளாக்ஜாக் ஆடுபவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஜெயித்த கதையைத்தான் சொல்வார்கள். நான் கேட்பது வேறு: கையில் பத்தும் ஆறும் இருக்கிறது, டீலர் காட்டியிருப்பது பத்து, என்ன செய்வீர்கள்? பதிலிலேயே ஆளின் சுபாவம் தெரிந்துவிடும்.

ஆட்டம் என்னவோ எளிதுதான். 21-ஐத் தாண்டாமல், காசினோவுக்காக ஆடும் டீலரைவிடக் கூடுதலாக எடுக்க வேண்டும். ராஜா, ராணி, ஜாக்கிக்குத் தலா 10. ஏஸுக்கு 1 அல்லது 11, நம் வசதிப்படி. டீலர் யோசிக்கவே வேண்டாம். 16 வரை சீட்டு எடுத்தே ஆக வேண்டும், 17 வந்தால் நிறுத்த வேண்டும். (ஏஸ் சேர்ந்த 17-க்கு மட்டும் மேசைக்கு மேசை விதி மாறும்.) அப்புறம் காசினோவுக்கு எங்கிருந்து லாபம்? நம்மை முதலில் ஆடவிடுவதில்தான். நாம் 21-ஐத் தாண்டினால் அந்த நொடியே பணம் போச்சு; பிறகு டீலரும் தாண்டினாலும் திரும்பி வராது.

இந்த ஆட்டத்துக்கு முதலில் ஒழுங்காகக் கணக்குப் போட்டவர்கள் சூதாடிகள் அல்ல. மேரிலாந்தில் உள்ள அபர்டீன் ராணுவத் தளத்தில் வேலை பார்த்த பால்ட்வின், கான்டி, மைசல், மெக்டெர்மாட் என்ற நால்வர். கம்ப்யூட்டர் இல்லாமல், மேசைமேல் வைத்துத் தட்டும் கணக்கு இயந்திரத்தை வைத்தே ஒவ்வொரு கைக்கும் எது உத்தமம் என்று கண்டுபிடித்து, 1956-இல் அமெரிக்கப் புள்ளியியல் சங்கத்தின் ஆய்விதழில் வெளியிட்டார்கள். அதைப் படித்த எட்வர்ட் தார்ப் என்ற கணிதப் பேராசிரியர் இன்னும் மேலே போய், வெளியேறிய சீட்டுகளை எண்ணிக் காசினோவையே தோற்கடிக்கும் வழியை 1962-இல் புத்தகமாகப் போட்டார். அது தனிக்கதை.

நம் 16-க்கு வருவோம். அப்படியே நிறுத்திக்கொண்டால் டீலர் தாண்டினால்தான் பிழைப்பு. நூற்றுக்கு ஏறக்குறைய 77 முறை தோல்வி. சீட்டு கேட்டால் 13-இல் 8 வாய்ப்பு, கேட்ட சீட்டே நம்மைக் கவிழ்த்துவிடும். 100 ரூபாய் கட்டினால் இரண்டு வழியிலும் சராசரியாக 54 ரூபாய் நட்டம். மயிரிழையில் கேட்பது மேல். பாதிப் பணத்தை விட்டுக்கொடுத்து ஒதுங்க மேசையில் அனுமதி உண்டென்றால் நட்டம் 50-தான், அதுவே புத்தி. அந்த 16 இரண்டு எட்டுகளாக வந்தாலோ ஒதுங்கவும் கூடாது. பிரித்து இரண்டு கையாக ஆடினால் நட்டம் சுமார் 48-க்கு இறங்கும். தோற்கிற கையில் இன்னொரு 100-ஐ வைக்க யாருக்கு மனம் வரும்? அங்கேதான் பலர், எந்தக் கைக்கு என்ன செய்வது என்று சொல்லும் அட்டவணையைக் கைவிடுகிறார்கள். அட்டவணை ஜெயிக்க வைப்பதில்லை, குறைவாகத் தோற்க வைக்கிறது. அதை ஒப்புக்கொள்ளாதவருக்கு மனப்பாடம் பண்ணியும் பயனில்லை.

டீலர் 4, 5, 6 காட்டினால் நிலைமை தலைகீழ். 6 என்றால் நூற்றுக்கு 42 முறை அவரே தாண்டிவிடுவார். நம்மிடம் வெறும் 12 இருந்தாலும் கையைக் கட்டிக்கொண்டிருக்கலாம்.

ஏஸும் ஏழும் சேர்ந்த 18-இல்தான் அனுபவசாலிகளும் சறுக்குகிறார்கள். 18 நல்ல கை என்று தோன்றும். எதிரே 9 இருந்தால் நல்ல கை அல்ல. நிறுத்தினால் 100-க்கு 18 ரூபாய் நட்டம், கேட்டால் 10 ரூபாய். ஏஸ் 1-ஆக மாறிக்கொள்ளும் என்பதால் ஒரு சீட்டில் கவிழவும் வழியில்லை. எதிரே 3 முதல் 6 வரை இருந்தால் இதே கைக்குப் பந்தயத்தை இரட்டிப்பாக்க வேண்டும். 11-க்கு இரட்டிப்பதும் ஏஸ் ஜோடியைப் பிரிப்பதும் எல்லாருக்கும் தெரியும். பத்து ஜோடியைப் பிரிப்பது வெறும் பேராசை.

டீலர் ஏஸ் காட்டும்போது நீட்டப்படும் 'இன்ஷூரன்ஸ்' சுத்தமான பொறி. டீலரின் மறைசீட்டு பத்தாக இருக்கும் என்ற, 13-க்கு 4 வாய்ப்புள்ள பந்தயத்துக்கு இரண்டு மடங்குதான் தருகிறார்கள்.

இத்தனையும் பிசகாமல் ஆடினால், நல்ல விதிகள் உள்ள மேசையில் 100 ரூபாய்க்கு அரை ரூபாய்தான் காசினோவுக்குப் போகும். அது பொறுக்குமா அவர்களுக்கு? ஏஸும் பத்தும் சேர்ந்து வரும் பிளாக்ஜாக் கைக்கு 100-க்கு 150 தந்துகொண்டிருந்த லாஸ் வேகாஸ் மேசைகள் பலவும் இப்போது 120-தான் தருகின்றன. இந்தக் கை சுமார் 21 ஆட்டத்துக்கு ஒருமுறை வரும். 30 ரூபாயை 21-ஆல் வகுத்துப் பாருங்கள்: ஆட்டத்துக்கு 1 ரூபாய் 40 காசு கூடுதல் நட்டம். அரை ரூபாய் இரண்டு ரூபாயை நெருங்கிவிடுகிறது. அட்டவணையை எவ்வளவு கரைத்துக் குடித்திருந்தாலும் இதை ஈடுகட்ட முடியாது.

போகவே போகாதீர்கள் என்றால் கேட்கவா போகிறீர்கள்? போனால், மேசை விரிப்பில் அச்சிட்டிருப்பதை முதலில் படியுங்கள். 5-க்கு 6, அதாவது 100-க்கு 120 என்றிருந்தால் உட்காராதீர்கள்.