கொல்லைப்புறத்து இளவேனில்

ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்துக் கண்டவர் தமிழர். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்னும் அப்பகுப்பில் சித்திரையும் வைகாசியும் இளவேனிலுக்கு உரியவை. தேர்வில் இவற்றை வரிசை பிறழாது எழுதும் மாணவரை அழைத்து, "இவ்வாண்டு இளவேனில் வரப்போவதை நீ எதைக் கொண்டு அறிந்தாய்?" என்று கேட்டால் விடை வருவதில்லை. குறை மாணவரிடம் மட்டும் இல்லை. கற்பிக்கும் நம்மிடமும் அது உண்டு என்பதை ஏற்காட்டில் ஒரு வீட்டுக் கொல்லையில் நின்று நான் உணர்ந்தேன்.

சேர்வராயன் மலைமேல், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர் ஏற்காடு. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, மாசித் திங்களின் இறுதியில் ஒருநாள் அங்குள்ள என் சின்னம்மா வீட்டிற்குச் சென்றிருந்தேன். வீட்டின் பின்னே சிறு தோட்டம். சில காப்பிச் செடிகள், ஒரு பேரிக்காய் மரம், ஒரு எலுமிச்சை, முள்மரம் ஒன்றில் படர்ந்த மிளகுக்கொடி. அம்முள்மரத்தில் ஓர் இலைகூட இல்லை. ஆயினும் கிளை நுனிதோறும் நெருப்புத் துண்டங்களைச் செருகி வைத்தாற்போலச் செந்நிறப் பூக்கள். மைனாக்களும் தேன்சிட்டுகளும் அங்கே ஓயாமல் வந்துபோயின.

"ஏம்ப்பா, காலேஜுல பூவைப் பத்தியெல்லாம் பாடம் நடத்துறியாமே! இந்தப் பூவுக்குப் பேரு சொல்லு பாப்போம்" என்றார் சின்னம்மா. நான் விழித்தேன். அவர் சிரித்துக்கொண்டே, "கல்யாண முருங்கைப்பா. சளி புடிச்சா இந்த இலையை அரைச்சு அடை சுட்டுத் தருவேனே, மறந்துட்டியா?" என்றார்.

வீடு திரும்பி அகராதியைப் புரட்டியபோது வெட்கினேன். கல்யாண முருங்கையே முள்முருங்கை. அதுவே சங்கப் புலவர் மகளிரின் செவ்விதழுக்கு உவமையாக்கிய கவிர். அந்த உவமையை வகுப்பறையில் பலமுறை விளக்கியவன் நான். பெயர் என்னிடம் இருந்தது, மரம் என்னிடம் இல்லை. மரம் சின்னம்மாவிடம் இருந்தது, பழம்பெயர் அவரிடம் இல்லை. ஒரு மொழியின் செல்வம் இவ்வாறு இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி ஏட்டிலும் மறுபாதி கொல்லையிலும் தனித்தனியே கிடப்பது நல்லதுதானா? கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கினார். அவற்றை மனப்பாடம் செய்து பரிசு பெறுவோர் நம்மிடையே உளர். அவற்றுள் பத்தையேனும் நேரில் கண்டு பெயர் சொல்ல வல்லார் எத்துணைப் பேர்?

இங்கே ஒன்றைத் தெளிதல் வேண்டும். வசந்தம் என்றவுடன் பனி உருகுவதும் புல் தளிர்ப்பதும் நம் நினைவுக்கு வருகின்றன. அவை ஆங்கிலப் பாடநூல்கள் நமக்குத் தந்த காட்சிகள். நம் முன்னோர் இப்பருவத்திற்கு இட்ட பெயரோ இளவேனில், அதாவது இளைய வெப்பம். குளிர் நாட்டில் வசந்தம் என்பது பனியிலிருந்து விடுதலை. நம் நாட்டிலோ அது வறட்சியின் நடுவே வரும் மலர்ச்சி. மண் காய்ந்து கிடக்கும்போதே கல்யாண முருங்கையும் இலவும் இலையற்ற கிளையில் பூக்கின்றன. மாமரம் பூங்கொத்து ஏந்துகிறது. சமவெளியில் வேம்பு வெண்பூச் சொரிகிறது. குயில் கூவத் தொடங்குகிறது. பின்பனி முடியும் முன்னரே இவ்வறிகுறிகள் தோன்றிவிடுகின்றன. பிறநாட்டுக் கண்ணாடி அணிந்து நோக்குவோர்க்கு இவை புலப்படா.

ஏற்காட்டின் காப்பிச் செடியே இதற்குத் தக்க சான்று. காப்பி நம் மண்ணில் தோன்றியதன்று. அதன் பிறப்பிடம் எத்தியோப்பியா. ஏமன் நாட்டிலிருந்து விதைகளைக் கொணர்ந்து சிக்கமகளூர் மலையில் ஊன்றியவர் பாபா புதான் என்னும் இறைநேசர் என்பது வழிவழி வரும் செய்தி. சேலத்தில் ஆட்சியராக இருந்த காக்பர்ன் 1820களில் சேர்வராயன் மலையில் காப்பியைப் பயிராக்கினார். இவ்வாறு வந்த விருந்தாளி, இன்று இம்மலையின் மழைக்கணக்கைப் பிழையின்றி அறிந்து வைத்திருக்கிறது. குளிர்காலத்தில் உருவாகும் அதன் மொட்டுகள் வறண்ட நாள்களில் உறங்கிக் கிடக்கின்றன. மாசி, பங்குனியில் ஒரு நல்ல மழை பெய்து மண் நனைந்தால், எட்டுப் பத்து நாள்களில் செடி முழுவதும் ஒருசேர வெண்மையாகப் பூத்து மல்லிகைபோல் மணக்கிறது. அம்மழையைப் பூ மழை என்பர். பூ நிற்பது இரண்டு மூன்று நாள்களே. காய் நிலைக்க மற்றொரு மழையும் உரிய காலத்தில் வேண்டும். பூ மழை பொய்த்தால் அவ்வாண்டின் விளைச்சலே குன்றும். ஆதலின் மலைமக்களுக்கு இளவேனிலின் முதல் அறிகுறி கண்ணுக்கு விருந்து மட்டுமன்று, வாழ்வின் கணக்கும் ஆகும்.

நான் சென்ற அன்று சின்னம்மா வானத்தையே நோக்கிக்கொண்டிருந்தார். இரு கிழமை கழித்துத் தொலைபேசியில் அழைத்தார்: "பூத்துருச்சுப்பா, நாளைக்கே வந்துடு." தேர்வுப் பணி முடித்து நான் மலையேறியது நான்காம் நாள். பூக்கள் பழுப்பேறி வாடியிருந்தன. பருவம் நமக்காகக் காத்திராது என்பதைப் பாடநூல் எனக்கு இவ்வளவு அழுத்தமாகச் சொன்னதில்லை.

உமறுப் புலவரின் சீறாப்புராணத்தை ஈண்டு நினைத்தல் தகும். அரபு நாட்டைப் பாட வந்த அப்பெருமகனார், நாட்டுப்படலத்தில் மழையும் ஆறும் வயலும் நிறைந்த தமிழ் நிலத்தையே அங்கு அமைத்துக் காட்டினார். தம் ஊர் நிலத்தைக் கண்ணாரக் கண்டிருந்ததனால் அவர் அயல்நாட்டையும் தமிழாக்கினார். நாமோ தமிழ் நிலத்தில் நின்றுகொண்டே அதனை அயல்நாடாகக் காண்கிறோம். காப்பிச் செடி கற்றதை நாம் கற்கவில்லை!

ஏற்காட்டில் கோடை விழாவும் மலர்க்காட்சியும் பெரும்பாலும் மே மாதத்தில் நடைபெறுகின்றன. அவற்றைக் காண்பது நன்றே. ஆனால் அங்கு நாம் காண்பது பிறர் அடுக்கி வைத்த மலர். இளவேனிலின் முதல் அறிகுறியோ அதற்கு முன்பே வீட்டுக் கொல்லையில் வந்து நின்று, காண்பாரின்றித் திரும்பிப் போயிருக்கும். கொல்லையைச் சிமெண்டால் மூடி வண்டி நிறுத்துவோர் மலையிலும் சமவெளியிலும் பெருகி வரும் இந்நாளில், அதற்கு வந்து நிற்கவும் இடமில்லை.

"தமிழ்த்துறைக்கு இது எதற்கு? தாவரவியலார் பார்த்துக்கொள்ளட்டுமே" எனச் சிலர் கூறலாம். சப்பான் நாட்டுக் கியோத்தோ நகரில் செர்ரி மரங்கள் பூத்த நாள்களை ஒன்பதாம் நூற்றாண்டு முதலே அரசவையினரும் துறவியரும் தம் நாட்குறிப்புகளில் எழுதி வந்தனர். அவர்கள் அறிவியலார் அல்லர், பூவை நேசித்தவர்கள். ஏறத்தாழ 1,200 ஆண்டுக்கால அப்பதிவுகளைக் கொண்டுதான், 2021ஆம் ஆண்டு மார்ச் 26இல் வந்த முழுமலர்ச்சி அதுவரை காணாத அளவு முன்கூட்டி வந்தது என்று உலகம் அறிந்தது. புவி வெப்பமாதலுக்கு அது ஒரு சான்றாயிற்று. இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பூவைப் பாடிய நாம், பூத்த நாளைக் குறித்து வைத்தோமா?

எனவே மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். ஒன்று, தமிழ்த்துறையில் ஒரு பூப்பதிவேடு வைப்போம். வேம்பு, மா, புங்கம், கல்யாண முருங்கை என நான்கு மரங்கள் போதும். முதற்பூவைக் கண்ட மாணவர் நாளையும் இடத்தையும் எழுதட்டும், அருகே அம்மரத்தின் இலக்கியப் பெயரையும் தம் ஊர்ப்பெயரையும் எழுதட்டும். இரண்டு, வீட்டுக் கொல்லையில் ஒரு பாய் அளவு மண்ணையேனும் மூடாது விடுவோம். நிலமில்லாதார் மாடியில் இரண்டு தொட்டிகள் வைக்கலாம். மூன்று, கல்லூரிப் பள்ளிவாசலில் ஒளுச் செய்த நீர் சாக்கடையில் கலவாமல் செடிகளின் வேருக்குச் செல்ல ஒரு வாய்க்கால் அமைத்துத் தருமாறு பெரியோர்களை வேண்டுகிறேன். வறண்ட பங்குனியிலும் ஐவேளையும் அந்நீர் ஓடும் அன்றோ?

ஒருவர் நட்ட மரத்திலிருந்து மனிதரோ பறவையோ விலங்கோ உண்பதெல்லாம் நட்டவருக்குத் தருமமாக அமையும் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். சின்னம்மாவின் கல்யாண முருங்கையில் தேனருந்தும் தேன்சிட்டைக் காணுந்தோறும் எனக்கு அந்நினைவே எழுகிறது. அடுத்த மாசியில் விடுப்புக்கு முன்னரே எழுதிக் கொடுத்துவிட்டு மலையேற எண்ணியுள்ளேன். மாணவச் செல்வங்களே, நீங்கள் அத்துணைத் தொலைவு செல்லவேண்டியதில்லை. நாளை வைகறைத் தொழுகை முடிந்ததும் உங்கள் வீட்டுப் பின்கதவைத் திறந்து பாருங்கள். காணும் கண்ணையும் சொல்லும் தமிழையும் வல்ல இறைவன் நமக்கு அருள்வானாக!