பந்தய இருக்கை யாருக்கு உரியது?

ஃபார்முலா ஒன் கார்ப் பந்தயத்தில் 2025-ஆம் ஆண்டு களம் கண்ட அணிகள் 10. அணிக்கு இரண்டு கார்கள். ஆகவே, உலகம் முழுமைக்கும் இருந்த ஓட்டுநர் இருக்கைகள் 20 மட்டுமே. அவற்றுள் ஒன்றைப் பெறுவதற்காகப் பல நாட்டுச் சிறுவர்கள் எட்டு, ஒன்பது வயதிலேயே பயிற்சியைத் தொடங்கிவிடுகின்றனர். இறுதியில் இருக்கை யாருக்குக் கிடைக்கிறது? "திறமை உடையவருக்கு" என்பர் சிலர். "பணம் உடையவருக்கு" என்பர் வேறு சிலர். இரண்டும் பாதி உண்மைகளே. பாதி உண்மையை முழு உண்மையாகக் கொண்டால், ஒரு வீரரை மதிப்பிடுவதிலும் நம்மை நாமே மதிப்பிடுவதிலும் பிழை நேரும் என்பதே என் கருத்து.

ஓட்டப் பந்தய வீரர் ஒருவர், கால்களும் ஒரு திடலும் இருந்தால் பயிற்சியைத் தொடங்கிவிடலாம். கார்ப் பந்தய வீரரின் நிலை அவ்வாறன்று. முதலில் கார்ட் எனப்படும் சிறிய பந்தய வண்டி வேண்டும். அதற்கு எஞ்சின், டயர், எரிபொருள் ஆகியன வேண்டும். மெக்கானிக்கின் ஊதியம், ஓடுதளக் கட்டணம், ஊர்விட்டு ஊர் செல்லும் பயணச் செலவு ஆகியவையும் உண்டு. ஒவ்வொரு படி ஏறும்போதும் செலவும் ஏறும். திறமையைக் காட்டிய பிறகு பணம் வருவது பல விளையாட்டுகளின் இயல்பு. பணம் வந்த பிறகே திறமையைக் காட்ட முடிவது இவ்விளையாட்டின் இயல்பு. ஆதலால், வீரருக்குப் பொருள் தந்து, அதற்கு ஈடாகத் தன் பெயரைக் காரின் மீதும் சீருடையின் மீதும் பொறித்துக்கொள்ளும் நிறுவனம் இன்றியமையாததாகிறது. சங்கப் புலவர்களைப் பேணிய வள்ளல்களைக் குறிக்கும் 'புரவலர்' என்னும் சொல்லாலேயே அந்நிறுவனத்தை இங்குக் குறிப்போம்.

பெரிய அணிகள் ஓட்டுநருக்கு ஊதியம் தந்து அழைத்துக்கொள்கின்றன. பொருள் வளம் குறைந்த சிறிய அணிகளோ, தம்முடன் புரவலரையும் அழைத்துவரும் ஓட்டுநரை நாடுகின்றன. இந்த இடத்தில்தான் திறமையும் பணமும் ஒரே இருக்கைக்காகப் போட்டியிடுகின்றன.

இதற்குத் தெளிவான சான்று நம் தமிழ்நாட்டிலேயே உள்ளது. கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 1977-ஆம் ஆண்டு பிறந்தவர். அவர் தந்தையாரும் கார்ப் பந்தய வீரர். இருங்காட்டுக்கோட்டை ஓடுதளத்தில் தம் முதல் பந்தயத்திலேயே பரிசு மேடை ஏறியவர் நரேன். 1996-இல் ஃபார்முலா ஆசியா பட்டத்தை வென்றார். 2001-ஆம் ஆண்டு சில்வர்ஸ்டோன் களத்தில் ஜாகுவார் அணியின் ஃபார்முலா ஒன் காரைச் சோதனையாக ஓட்டி, அவ்வகைக் காரை ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். 2004-ஆம் ஆண்டுப் பந்தயங்களுக்கு மினார்டி அணியில் இடம்பெறும் வாய்ப்பு வந்தது, ஆனால், அதற்கு வேண்டிய தொகையைத் திரட்ட இயலவில்லை, வாய்ப்பு நழுவிற்று. அடுத்த ஆண்டே டாடா உள்ளிட்ட இந்திய நிறுவனங்களின் துணையோடு ஜோர்டான் அணியில் இடம்பெற்றார். 2005-ஆம் ஆண்டு மார்ச் 6 அன்று ஆஸ்திரேலியப் பந்தயத்தில் களமிறங்கினார்.

ஓராண்டில் மாறியது என்ன? அதே மனிதர், அதே கைகள், அதே கண்கள். மாறியது புரவலரின் துணை மட்டுமே. 2004-இல் இருக்கை இல்லை என்பது அவருக்குத் திறமை இல்லை என்பதற்குச் சான்றாகாது. அவ்வாறே, 2005-இல் இருக்கை கிடைத்தது என்பது மட்டுமே அவருடைய திறமைக்கு முழுச்சான்றும் ஆகாது. வாய்ப்பு வேறு, தகுதி வேறு. முன்னதைக் கொண்டு பின்னதை அளக்கலாகாது.

அவ்வாண்டு ஜூன் 19 அன்று அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் நடந்த பந்தயத்தில் நரேன் நான்காம் இடம்பெற்று 5 புள்ளிகள் ஈட்டினார். மிஷலின் டயர்களின் பாதுகாப்பில் ஐயம் எழுந்ததால் அவற்றைப் பயன்படுத்திய அணிகள் விலகிக்கொள்ள, அன்று ஆறு கார்களே ஓடின. இதனைச் சுட்டி அப்புள்ளிகளை எள்ளுவோர் உண்டு. எனினும், களத்தில் நின்றவருக்கே அந்த நாள் வாய்த்தது. களத்தில் நிற்பதற்கான செலவை ஏற்றவர் புரவலர். தவறின்றிக் காரை இறுதிவரை கொண்டு சேர்த்தவர் ஓட்டுநர். இருவர் பங்கையும் ஒருங்கே ஒப்புக்கொள்வதே நேர்மை.

நம்மவர் என்பதற்காக உண்மையின் மறுபக்கத்தை மறைத்தலும் தகாது. 2010-ஆம் ஆண்டு ஹிஸ்பானியா அணியில் ஓட்டிய சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக், 10 பந்தயங்களுக்குப் பின் இருக்கையை இழந்தார். 2011-இல் டாடாவின் ஆதரவோடு அதே அணியில் சேர்ந்த நரேனும், பருவத்தின் நடுவே தம் இடத்தை விட்டுத்தர நேர்ந்தது. அவருக்குப் பதிலாக வந்தவர், ரெட் புல் நிறுவனத்தின் துணை பெற்ற ஆஸ்திரேலிய இளைஞர் டேனியல் ரிக்கியார்டோ. "பணத்தால் இடம் பறிபோயிற்று" என்று நாம் வருந்தலாம். ஆனால், அந்த ரிக்கியார்டோ பின்னாளில் எட்டுப் பந்தயங்களை வென்றார். அவருக்குப் பின்னால் இருந்த பணம், திறமையைத் தேடிச் சென்ற பணம் என்பது தெளிவாயிற்று. 'பணம் கொணர்ந்தவர்' என்ற ஒரே காரணத்தால் ஒருவரை இகழ்வது எத்துணைப் பிழை என்பதற்கு இதுவே சான்று.

வேறொரு நிகழ்ச்சியையும் நோக்குவோம். 2010-ஆம் ஆண்டு பிரேசில் பந்தயத்தில், வில்லியம்ஸ் அணியின் ஜெர்மானிய ஓட்டுநர் நிக்கோ ஹுல்கன்பர்க் தகுதிச் சுற்றில் முதலிடம் பெற்றார். எனினும் அடுத்த ஆண்டு அவருடைய இருக்கை, வெனிசுவேலா அரசின் எண்ணெய் நிறுவனத்தைப் புரவலராகக் கொண்ட பாஸ்தோர் மால்டொனாடோவுக்குச் சென்றது. மால்டொனாடோவும் திறமையற்றவர் அல்லர். 2012-இல் ஸ்பெயின் பந்தயத்தை வென்றார். ஹுல்கன்பர்க்கோ பல அணிகள் மாறி, 2025-ஆம் ஆண்டில்தான் முதன்முறையாகப் பரிசு மேடை ஏறினார். இருவருமே தகுதி உடையவர்களாக இருந்தபோது, ஒருவரை வெளியே நிறுத்தியது பணமே. 'திறமை இருந்தால் எல்லாம் தானே வரும்' என்று சொல்வோர் இந்நிகழ்ச்சியை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அவ்வாறாயின், ஓட்டுநர் பணம் கொணர்வதைத் தடை செய்துவிடலாமா? அது தீர்வாகாது. சிறிய அணிகள் அத்தொகையைக் கொண்டே உயிர்வாழ்கின்றன. ஹிஸ்பானியா அணி பொருள் முடையால் 2012-ஆம் ஆண்டோடு மறைந்தது. அதனோடு இரண்டு இருக்கைகளும் மறைந்தன. பணத்தை விலக்குவதன்று, பணத்திற்கு முன்னால் தகுதியை நிறுத்துவதே தேவை. 2016 முதல் நடைமுறைக்கு வந்த விதி இவ்வகையில் நன்று. 18 வயது நிரம்பி, முந்தைய மூன்று ஆண்டுகளில் கீழ்நிலைப் பந்தயங்களில் 40 புள்ளிகள் பெற்றவருக்கே ஃபார்முலா ஒன் ஓட்டுவதற்குரிய சிறப்பு உரிமம் என்பது பொதுநெறியாயிற்று. பணம் மட்டும் உடையவர் இவ்வாயிலில் நின்றுவிடுவார்.

ஆயினும், இவ்விதி மேல்படியில் நிற்கும் காவல் மட்டுமே. கீழ்ப்படியிலேயே கால் வைக்க இயலாமல் திரும்பிய சிறுவனையும் சிறுமியையும் அது காணாது. உண்மையான அநீதி அங்கேதான் நிகழ்கிறது. தோற்றவரின் பெயராவது பட்டியலில் இருக்கும். தொடங்கவே இயலாதவருக்குப் பெயரும் இல்லை. இதனை உணர்ந்தவர் கோயம்புத்தூர் கரிவர்தன். மாருதி எஞ்சினைக் கொண்டு குறைந்த செலவில் பந்தயக் கார்களை உருவாக்கி, இளைஞர் பலர் களம் காண வழிசெய்தார். அவர் பெயரால் அமைந்த கரி ஓடுதளம் இன்றும் கோயம்புத்தூர் அருகே உள்ளது. முதற்படியின் உயரத்தைக் குறைப்பதே திறமையைத் தேடும் சிறந்த வழி.

நாம் வாழும் ரஞ்சன்காவ் தொழிற்பேட்டையில், ஃபியட், டாடா நிறுவனங்களின் கூட்டு ஆலையில் கார்கள் உருவாகின்றன. ஆலைக்கு வரும் ஓர் உதிரிபாகத்தை யார் அனுப்பினார் என்று அளவுமானி கேட்பதில்லை. அளவு சரியா என்று மட்டுமே கேட்கிறது. ஓட்டுநர்களை அளப்பதற்கும் அத்தகைய கருவி ஒன்று உண்டு: ஒரே அணியில், ஒரே வகைக் காரில், இருவர் எடுத்துக்கொண்ட நேரத்தை ஒப்பிடுதல். வெவ்வேறு கார்களில் ஓடியவர்களை ஒப்பிடுவது, மிதிவண்டியில் வந்தவரையும் பேருந்தில் வந்தவரையும் ஒப்பிடுவது போன்றதே.

பெருஞ்சித்திரனார் என்னும் சங்கப் புலவர், அதியமான் நெடுமான் அஞ்சி தம்மை நேரில் காணாமலே கொடுத்தனுப்பிய பரிசிலை ஏற்க மறுத்தார் என்று புறநானூறு கூறுகிறது. தகுதியை அறிந்து தருவது சிறிதாயினும் அதுவே அவருக்கு உவப்பு. புரவலரும் புலவரும் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த பாடம் இல்லை. கொடுப்பவர் திறமறிந்து கொடுக்க வேண்டும். பெறுபவர் அதற்குத் தக்கவராக இருக்க வேண்டும்.

மாணவர்களே! பயிற்சி வகுப்புக் கட்டணம், உதவித்தொகை, கல்லூரி இடம் என உங்கள் வாழ்விலும் இதே வினா எழும். தமிழ்நாட்டை விட்டு இவ்வூருக்கு வந்து உங்கள் பெற்றோர் ஈட்டும் ஊதியமே உங்களுக்கு வாய்த்த முதற்புரவு. அதனைப் பெறுவதில் நாணம் வேண்டா. அதனால் கிடைத்த இடத்தை, முழுவதும் தன் திறமையால் வந்தது என எண்ணிச் செருக்கவும் வேண்டா. இடம் கிடைக்காத தோழனை 'திறமையற்றவன்' என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். நாளை பொருளும் பொறுப்பும் உங்கள் கைக்கு வரும்போது, வாயிலுக்கு வெளியே நிற்பவரைத் தேடிச் சென்று அளந்து பாருங்கள். இருக்கை யாருக்கு உரியது என்னும் வினாவுக்கு அன்றே நேர்மையான விடை கிடைக்கத் தொடங்கும்.

சிந்தித்து எழுதுக

1. நரேன் கார்த்திகேயனின் 2004, 2005-ஆம் ஆண்டு நிலைகளை ஒப்பிட்டு, கட்டுரையாசிரியர் நிறுவும் கருத்து யாது?
2. ரிக்கியார்டோ, ஹுல்கன்பர்க் ஆகியோரின் நிகழ்ச்சிகள் எவ்வெக் கூற்றுகளை மறுக்கின்றன?
3. "முதற்படியின் உயரத்தைக் குறைப்பதே திறமையைத் தேடும் சிறந்த வழி." இக்கருத்தை நீ ஏற்கிறாயா? உன் பள்ளியில் காணும் ஒரு சான்றுடன் பத்து வரிகளில் எழுதுக.
4. புரவலர், தகுதி, வாய்ப்பு, நேர்மை – இச்சொற்களைச் சொந்த வாக்கியங்களில் அமைத்து எழுதுக.