நாய் வந்தால் தூங்கலாமா?

தொம்மலூரில் நான் குடியிருக்கும் அடுக்ககத்தின் மேல்தளத்தில் ஒரு குடும்பம் வசிக்கிறது. அவர்களுடைய மகளுக்கு வயது பதினான்கு. முதல் வகை நீரிழிவு உள்ள சிறுமி. உறக்கத்தில் இரத்தச் சர்க்கரை தாழ்ந்தாலும் அவளுக்கு விழிப்பு வருவதில்லை. ஆகவே அவளுடைய தாய் மூன்றாண்டுகளாக ஒவ்வோர் இரவும் இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, மகளின் விரலில் ஊசி குத்திச் சோதித்துவிட்டுப் படுக்கிறார். சென்ற வாரம் அவர் ஒரு விலைக்குறிப்புடன் என்னிடம் வந்தார். ‘மருத்துவ எச்சரிக்கை நாய்’, முழுப் பயிற்சி பெற்றது, சான்றிதழ் உண்டு, ஒருபோதும் தவறாது, விலை சில இலட்சம். ஆய்வுக் கட்டுரைகள் படிக்கத் தெரிந்தவன் என்பதால் என்னிடம் கேட்டார்: “தம்பி, இந்த நாய் வந்தா நான் ராத்திரி தூங்கலாமா?”

நாயை மட்டுமே நம்பித் தூங்க முடியாது என்றேன். காரணங்களைப் படிக்கட்டில் நின்றபடி முழுமையாகச் சொல்ல இயலவில்லை. இதே கேள்வி வேறு வீடுகளிலும் இருக்கக்கூடும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில், இது மூடநம்பிக்கை அன்று. ஒரு பெண்ணின் காலிலிருந்த மச்சத்தை அவருடைய நாய் ஓயாது முகர்ந்ததையும், அது தோல் புற்றுநோய் என்று பின்னர் தெரியவந்ததையும் இலண்டன் மருத்துவர்கள் இருவர் 1989-இல் ‘லான்செட்’ இதழில் எழுதினர். சர்க்கரை தாழும்போது மூச்சில் ஐசோப்ரீன் என்னும் வேதிப்பொருள் கூடுவதைக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016-இல் காட்டினர். அவர்கள் சோதித்தது எட்டுப் பெண்களை மட்டுமே. நாய் முகர்வது அதைத்தானா என்பது இன்னும் நிறுவப்படவில்லை. எனினும் உடலின் மாற்றத்துக்கு வாசனை உண்டு என்பதில் ஐயமில்லை.

அந்த வாசனையை நாய்க்குக் கற்பிப்பதே பயிற்சி. சர்க்கரை தாழ்ந்த வேளையில் நோயாளியின் வியர்வையைத் துணியில் ஒற்றி எடுத்து உறையவைத்துப் பாதுகாப்பார்கள். அதை முகர்ந்து காட்டும் ஒவ்வொரு முறையும் நாய்க்குத் தின்பண்டம் கிடைக்கும். பின்னர் காலால் தட்டுதல், மூக்கால் இடித்தல் போன்ற ஒரு குறிப்பைப் பழக்குவார்கள். சோதனைக் கருவி உள்ள பையை எடுத்து வருதல், வீட்டிலுள்ள மற்றொருவரை எழுப்புதல் ஆகியவற்றையும் கற்பிக்கலாம். பொது இடங்களில் அமைதி காக்கும் பழக்கமும் சேர்ந்து முழுமை பெற ஓராண்டுக்கு மேல் ஆகும். பத்து நாளில் ஒப்படைக்கப்படும் குட்டி, பயிற்சி பெற்ற நாய் அன்று. பயிற்சி பெறக்கூடிய குட்டி, அவ்வளவே.

நன்கு பயிற்றுவிக்கப்பட்ட நாய் எவ்வளவு சரியாகச் சொல்லும்? பிரிட்டனில் 27 நாய்களை ஆராய்ந்து 2019-இல் வெளியான கட்டுரையின்படி, அவை தாழ்சர்க்கரை நிகழ்வுகளில் ஏறத்தாழ 83 விழுக்காட்டைக் கண்டறிந்தன. இது இடைநிலை அளவு. நாய்க்கு நாய் வேறுபாடு பெரிது. இந்தக் கணக்கு உரிமையாளர்கள் தாமே சோதித்து எழுதிய குறிப்புகளை அடிப்படையாகக் கொண்டது. எவரும் சோதிக்காத நேரத்தில் தவறியவை அதில் இடம்பெறா. 2017-இல் அமெரிக்காவில் எட்டு நாய்களின் எச்சரிக்கைகளைத் தொடர் குளுக்கோஸ் கண்காணிப்புக் கருவியோடு ஒப்பிட்டனர். விழித்திருந்த நேரத்துத் தாழ்சர்க்கரையில் நாய்கள் கண்டறிந்தது 36 விழுக்காடு. நாய்கள் தந்த நூறு எச்சரிக்கைகளில் ஏறத்தாழ பன்னிரண்டே சரியானவை. அப்படியிருந்தும் உரிமையாளர்கள் தங்கள் நாய்களை மிகவும் நம்பினர். என்னை அச்சுறுத்துவது இந்த நம்பிக்கையே. நாய் சரியாகச் சொன்ன இரவை நாம் ஆயுள் முழுதும் நினைவில் வைத்திருப்போம். அது சொல்லாமல் விட்ட இரவு நமக்குத் தெரியாமலே கடந்துபோகும்.

வலிப்பு நோயில் எச்சரிக்கை இன்னும் தேவை. வலிப்பு வந்தபின் அருகில் நிற்கவும், உதவிக்கு ஆள் அழைக்கவும் நாயைப் பழக்கலாம். வலிப்பு வருமுன் அறிவிப்பது வேறு. வலிப்பு வாசனையை ஐந்து நாய்கள் பிரித்தறிந்ததை 2019-இல் ஒரு பிரெஞ்சு ஆய்வு காட்டியது உண்மை. ஆனால் அந்த மாதிரிகள் ஆய்வகத்தில் முகரத் தரப்பட்டவை. வீட்டில் முன்கூட்டியே எச்சரிப்பதற்கு அது உறுதி ஆகாது.

இந்தியாவில் சிலர் இராணுவ நாய்களைச் சான்றாகக் காட்டுகிறார்கள். நம் சிப்பிப்பாறை நாய்கள் உட்பட இராணுவம் பழக்கிய நாய்கள் வியர்வை, சிறுநீர் மாதிரிகளிலிருந்து கொரோனாவைக் கண்டறிந்ததை 2021-இல் கண்டோம், பெருமைக்குரியதே. பெங்களூரிலேயே டாக்னோசிஸ் நிறுவனம் மூச்சு மாதிரிகளைக் கொண்டு புற்றுநோயைக் கண்டறிய நாய்களைப் பயன்படுத்தி ஆய்கிறது. ஆனால் அந்த நாய்கள் குறித்த நேரத்தில், குறித்த இடத்தில், பயிற்றுநர் அருகிருக்க மோப்பம் பிடிக்கின்றன. எச்சரிக்கை நாயோ நாள் முழுதும், எவரும் கேட்காமல், வேறு நூறு வாசனைகளுக்கு நடுவே தானாக வந்து சொல்ல வேண்டும். 2023-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்நகரில் தெருநாய்கள் மட்டும் ஏறத்தாழ 2.79 இலட்சம். தொம்மலூர்த் தெருவில் நடக்கும்போதும் அது தன் வேலையை மறவாதிருக்க வேண்டும். இரவில் அதுவும் உறங்கும்.

சான்றிதழை நம்பலாமா என்றால், நம் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் (2016) ‘உதவி நாய்’ என்பது யாது என்றே வரையறுக்கவில்லை. அமெரிக்காவிலும் இத்தகைய நாய்களை 27,000 டாலர் வரை விற்ற ஒரு நிறுவனத்தின் மீது, போதிய பயிற்சியற்ற குட்டிகளை ஒப்படைத்ததாக வர்ஜீனியா மாநில அரசு 2018-இல் வழக்குத் தொடுத்தது.

எனவே விற்பவரிடம் கேட்க வேண்டியவை நான்கு. பயிற்சிக்கு எங்கள் குழந்தையின் மாதிரிகளைப் பயன்படுத்துவீர்களா? எது சரியான மாதிரி என்று அங்கிருக்கும் எவரும் அறியாத நிலையில் நாயைச் சோதித்துக் காட்டுவீர்களா? (பெர்லினில் கணக்குப் போட்டதாகப் புகழ்பெற்ற ஹான்ஸ் என்ற குதிரை, கேட்பவரின் முகக்குறியைப் படித்தே விடை சொன்னது என்பதை 1907-இலேயே கண்டறிந்துவிட்டார்கள்.) தவறவிட்டவையும் பொய் எச்சரிக்கைகளும் அடங்கிய குறிப்பேட்டைக் காட்டுவீர்களா? ஒப்படைத்தபின் எத்தனை மாதம் வந்து பார்ப்பீர்கள்? இவற்றுக்கு விடையாகக் காணொளி மட்டும் கிடைத்தால் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

வாங்கிய பின்னும் வேலை நம்முடையதே. ஒவ்வோர் எச்சரிக்கைக்கும் விரலில் குத்திப் பார்த்து எழுத வேண்டும். சரியென்றால் அப்போதே பரிசு தர வேண்டும். பரிசு நின்றால் பழக்கமும் மங்கும். நாய்க்கும் நோய் வரும், முதுமை வரும்.

அக்காவிடம் நான் சொன்னது இதுதான்: மருத்துவரிடம் கேட்டு முதலில் தொடர் கண்காணிப்புக் கருவி வாங்குங்கள். பதினான்கு நாள் உழைக்கும் உணரிக்குச் சில ஆயிரம் ஆகும். அது சிறு சுமையன்று. அதுவும் பிழை செய்யும். குழந்தை அதன்மேல் புரண்டு படுத்தால் பொய்யாகவும் ஒலிக்கும். ஆயினும் அதன் பிழை எவ்வளவு என்பது அளந்து அறியப்பட்டிருக்கிறது. நாயின் மீது அன்பிருந்தால் பிறகு வளருங்கள். அது எச்சரிப்பதை மிகுதியாகக் கிடைத்த துணை என்று கொள்ளுங்கள்.

கருவியின் எச்சரிக்கையை ஒன்றுக்கு மேற்பட்ட கைப்பேசிகளில் ஒலிக்கச் செய்யலாம் என்றும் சொன்னேன். ஓர் இரவு தாய், மறு இரவு தந்தை. அக்கா கேட்ட உறக்கத்துக்கு நானறிந்த நேர்வழி அதுதான்.