முதல் அரை மணி நேரம்

தொழிற்சாலையில் பாய்லர் என்றால் பயம் உண்டு, கம்ப்ரஸர் என்றால் கவனம் உண்டு. வேக்குவம் பம்பை மட்டும் யாரும் ஆபத்தான இயந்திரமாக எண்ணுவதில்லை. காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும் பம்ப் என்ன செய்துவிடும் என்ற அலட்சியத்தில், பச்சைப் பொத்தானை அழுத்திய கையோடு உறிஞ்சு வால்வையும் திறந்துவிடுகிறார்கள். ஆயிலில் ஓடும் ரோட்டரி வேன் பம்பின் ஆயுளும், அதன் அருகில் நிற்பவரின் பாதுகாப்பும், அதை ஓட்டத் தொடங்கும் முறையைப் பெரிதும் சார்ந்தவை என்பதே என் வாதம்.

உணவுப் பொருள் பொதியும் ஆலையிலும், மருந்து உலர்த்தும் கூடத்திலும் காற்றோடு நீராவியும் பம்புக்குள் வருகிறது. உள்ளே வந்ததை அழுத்தி, வெளிக்காற்றின் அழுத்தமான சுமார் 1013 மில்லிபாரைத் தாண்டவைத்தால்தான் வெளியேற்று வால்வு திறக்கும். ஆனால் 25 டிகிரி செல்சியஸில் நீராவியின் பங்கு அழுத்தம் சுமார் 32 மில்லிபாரை எட்டியதுமே அது நீராகத் தொடங்கிவிடும். 70 டிகிரியில் அந்த எல்லை சுமார் 312 மில்லிபாருக்கு உயர்கிறது. ஆகவே குளிர்ந்த பம்பில் நீராவி வெளியேறும் முன்பே நீராகி ஆயிலில் கலக்கிறது. ஆயில் வெளுத்து, வழுவழுப்பை இழக்கிறது. பம்புக்குள் சுழலும் தகடுகளான வேன்கள் தேய்கின்றன, உட்புறம் துருப்பிடிக்கிறது. இதற்கு ஜெர்மானிய இயற்பியலாளர் வோல்ஃப்காங் கேடே 1935-லேயே தீர்வு கண்டார். அழுத்தும் அறைக்குள் சிறிது வெளிக்காற்றை விடும் அந்த ஏற்பாட்டுக்கு கேஸ் பேலஸ்ட் என்று பெயர். காற்று சேர்வதால் வெளியேற்று வால்வு முன்கூட்டியே திறக்கிறது. நீராவி நீராகாமலே வெளியேறுகிறது. உறிஞ்சு வால்வை மூடி, கேஸ் பேலஸ்டைத் திறந்து, அரை மணி நேரம்போல ஓட்டிச் சூடேறிய பிறகே பம்பை வேலையோடு இணைக்கச் சொல்வது இதனால்தான்.

பொத்தானை அழுத்தும் முன்பே பார்க்க வேண்டியவையும் உண்டு. அளவு காட்டும் கண்ணாடியில் ஆயில் இரு கோடுகளுக்கு இடையில் நிற்க வேண்டும். மூன்று ஃபேஸ் மோட்டாரில் இரண்டு ஒயர்கள் இடம் மாறினால் பம்ப் எதிர்த்திசையில் சுற்றும். வேன்கள் உடையலாம், ஆயில் உறிஞ்சு குழாய்க்குள் ஏறலாம். ஆகவே மின் இணைப்பைத் தொட்ட ஒவ்வொரு முறையும் ஓரிரு நொடி மட்டும் ஓட்டி, சுற்றும் திசையை அதைக் காட்டும் அம்புக்குறியோடு ஒப்பிட வேண்டும். வெளியேற்று குழாய் அடைபட்டிருந்தால் ஆயில் தொட்டிக்குள் அழுத்தம் ஏறி, பம்பின் உறையே வெடிக்கக்கூடும். ஆக்சிஜன் மிகுந்த வாயுவை இழுக்கும் பம்பில் சாதாரண மினரல் ஆயில் இருந்தால் தீப்பிடித்து வெடிக்கும் அபாயம் உண்டு. அங்கே ஆக்சிஜனோடு வினைபுரியாத ஃப்ளூரின் சேர்ந்த செயற்கை ஆயில்தான் வேண்டும்.

அரை மணி நேரம் சும்மா ஓட்டுவது மின்சார விரயம் என்பார்கள். 5.5 கிலோவாட் மோட்டார் முழுச் சுமையில் ஓடினாலும் அரை மணி நேரத்துக்குச் சுமார் 3 யூனிட்தான் ஆகும். கெட்டுப்போன ஆயிலை மாற்றும் செலவு இதைவிடப் பல மடங்கு. ஷிஃப்டுக்கு அரை மணி நேரம் முன்பே ஓட்டத் தொடங்கினால் உற்பத்தியும் தாமதமாகாது. புதிய பம்புகளில் சென்ஸார்கள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். ஃபேஸ் மாறினால் தடுக்கும் ரிலேயும் வெப்பமானியும் நல்ல துணைகள்தாம், வைத்துக்கொள்ளவே வேண்டும். ஆனால் ஒரு சென்ஸார் தனக்கு ஒப்படைத்ததை மட்டுமே பார்க்கும். இழுக்கும் வாயு மாறியிருப்பதை வெப்பமானி அறியாது. இத்தனை வருடமாக இப்படித்தான் ஓட்டுகிறோம், எதுவும் ஆகவில்லை என்பது அடுத்த வாதம். இந்தச் சேதம் ஒரே நாளில் வெளிப்படுவதில்லை. வெற்றிடம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். பழி பம்பின் வயதின் மேல் விழும்.

நிறுத்தும்போதும் இதே பொறுமை தேவை. உறிஞ்சு வால்வை மூடி, கேஸ் பேலஸ்டோடு சிறிது நேரம் ஓட்டி, தங்கிய ஈரத்தை வெளியேற்றிய பிறகே நிறுத்த வேண்டும். பெல்ட் உறையைக் கழற்றும் முன் மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டுப் போட வேண்டும். இவை எதுவும் ஓட்டுபவரின் நினைவாற்றலை மட்டும் நம்பி நிற்கக் கூடாது. அலமாரிக்குள் இருக்கும் ஆங்கிலக் கையேடு பம்பின் முன் நிற்பவருக்கு உதவாது. ஆலைப் பொறுப்பாளர்கள் இந்த வரிசையை ஓட்டுபவர் படிக்கும் மொழியில் எழுதி ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் ஒட்டட்டும்; சூடேற்றும் அரை மணி நேரத்தை வேலை நேரமாகவே கணக்கில் எழுதட்டும்.