தொட்டி ஒண்ணு, குழாய் நாப்பது

"அதெல்லாம் ஆட்டோமேட்டிக்கா பேலன்ஸ் ஆயிடும் சார்." இந்த ஒத்தை வரியைச் சொல்லியே எத்தனை கம்பெனிகளில் டிஸ்க் வாங்காமல் காலம் தள்ளியிருக்கிறார்கள் என்று யாராவது கணக்கெடுத்தால் புண்ணியமாப் போகும். சேல்ஸ் ஆசாமி சொல்றார், ஆர்க்கிடெக்ட் தலையாட்டுறார், டேமேஜர் (எழுத்துப்பிழை இல்லை மக்களே) அதை அப்படியே பவர்பாயிண்ட்டில் ஏத்தி மேலே அனுப்பிடறார். ராத்திரி ரெண்டு மணிக்கு போன் வர்றது மட்டும் எங்களை மாதிரி ஸ்டோரேஜ் ஆணி புடுங்குற ஜென்மங்களுக்கு.

அதனால இந்தப் பதிவு கொஞ்சம் காரமாத்தான் இருக்கும். இந்தத் துறையில பொட்டி தட்டாதவங்களும் பயப்படாம உள்ள வாங்க, புரியற மாதிரியே சொல்றேன்.

விஎம் என்பது கடைசியில் சில கோப்புகள்தான். அந்தக் கோப்புகள் கிடக்கிற இடத்துக்கு விஎம்வேர் உலகத்தில் டேட்டாஸ்டோர் என்று பெயர். ஒரு டேட்டாஸ்டோர் நிரம்பி வழிய, பக்கத்து டேட்டாஸ்டோர் காலியாக் கிடந்தால், இங்கேருந்து அங்கே ஒரு விஎம்மைத் தூக்கிப் போடலாம். ஓடிக்கிட்டிருக்கும்போதே போடலாம், அதுக்குப் பேர் ஸ்டோரேஜ் விமோஷன். 2011-ல் வீஸ்பியர் 5.0 வந்தபோது இந்தத் தூக்கிப்போடுற வேலையையும் மென்பொருளே பார்த்துக்கும் என்று ஸ்டோரேஜ் டிஆர்எஸ் வந்தது. பல டேட்டாஸ்டோர்களை ஒரு கொத்தாகக் கட்டிவிட்டால், எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அது எட்டிப்பார்க்கும். ஏதாவது ஒண்ணு 80 சதம் தாண்டியிருந்தாலோ, டிஸ்க் பதில் சொல்ற நேரம் 15 மில்லிசெகண்டைத் தாண்டியிருந்தாலோ, 'இந்த விஎம்மை அங்கே நகர்த்து' என்று சொல்லும். முழு ஆட்டோமேட்டிக்கில் வைத்திருந்தால் அதுவே நகர்த்திவிடும்.

கேட்க நல்லாத்தானே இருக்கு? 2011-ல் நிஜமாவே நல்லாத்தான் இருந்தது. அதை நான் மறுக்கலை. அந்தக் காலத்து ஸ்டோரேஜ் பொட்டியில எட்டு டிஸ்க்கை ஒண்ணாக் கட்டி ஒரு ரெய்டு குரூப், அதன் மேல ஒண்ணு ரெண்டு லன், ஒவ்வொரு லன்னுக்கும் ஒரு டேட்டாஸ்டோர். சுத்துற டிஸ்க் ஒண்ணு நிமிஷத்துக்கு 15,000 சுற்று சுத்தினாலும் செகண்டுக்கு 180 ரீட்-ரைட் கொடுத்தால் பெரிய விஷயம். அந்த எட்டு டிஸ்க்கில் ரெண்டு பெரிய டேட்டாபேஸ் வந்து உட்கார்ந்தால் மூச்சு முட்டும். ஒண்ணை எழுப்பி வேற எட்டு டிஸ்க்குக்கு அனுப்பினால் ரெண்டு பேருக்கும் நிம்மதி. தனித்தனிக் கிணறு, அதனால ஒரு கிணத்து ஆளை இன்னொரு கிணத்துக்கு அனுப்பறதுல அர்த்தம் இருந்தது.

இப்ப அந்தக் கிணறெல்லாம் எங்கே சாமி இருக்கு?

இன்னிக்கு பொட்டிக்குள்ள இருக்கிற அத்தனை டிஸ்க்கையும் ஒரே பூலாக் கரைச்சு ஊத்திடறாங்க. அதிலேருந்துதான் நாப்பது லன்னையும் வெட்டித் தர்றாங்க. மொட்டை மாடியில ஒரே சின்டெக்ஸ் தொட்டி, கீழே நாப்பது குழாய். மூணாவது மாடிக் குழாயில தண்ணி குறைவா வருதுன்னு அங்கே இருக்கிற பக்கெட்டைத் தூக்கிட்டுப் போய் ரெண்டாவது மாடியில வைக்கிறதுக்குப் பேர்தான் இப்ப லோடு பேலன்ஸிங். தொட்டியில தண்ணி அதேதான்!

15 மில்லிசெகண்ட் கதையும் அப்படித்தான். ஆல்-ஃப்ளாஷ் பொட்டி ஒரு மில்லிசெகண்டுக்குள்ள பதில் சொல்லும். அங்கே 15 தாண்டிச்சுன்னா அது ஒரு டேட்டாஸ்டோரோட தலைவலி இல்லை, பொட்டியோட கன்ட்ரோலரே திணறுதுன்னு அர்த்தம். திணறிக்கிட்டிருக்கிறவன் தலையில இன்னும் 500 ஜிபி காப்பி வேலையைக் கட்டினால் அவன் எழுந்து ஓடுவானா, இல்ல படுத்துக்குவானா?

சூடான தகவலை வேகமான டிஸ்க்கிலும், ஆறிப்போனதை மெதுவான டிஸ்க்கிலும் தானே பிரிச்சு வைக்கிற டியரிங் பொட்டிகள்ல இன்னும் கூத்து. எந்த பிளாக்கை அடிக்கடி தொடறாங்கன்னு பொட்டி நாள்கணக்கா கவனிச்சு வச்சிருக்கும். விஎம்மை இடம் மாத்தினதும் அத்தனை பிளாக்கும் புது பிளாக், பழைய கணக்கெல்லாம் போச்சு. அடுத்த ஊருக்கு ரெப்ளிகேஷன் ஓடுதுன்னா, இங்கே நகர்த்தின மொத்தமும் அந்த லைன்ல திரும்ப ஒருதரம் போகும். லைன் வாடகை யார் கட்டறது?

ஆனா இதெல்லாம் வெறும் வேகப் பிரச்சினை. என் கோபமெல்லாம் அடுத்த விஷயத்துலதான்.

தின் ப்ரொவிஷனிங் தெரியுமில்லையா. விஎம்முக்கு 500 ஜிபி என்று சொல்லுவோம், எழுதின அளவுக்குத்தான் இடம் போகும். இதை விஎம்வேர் அளவிலும் செய்யலாம், கீழே பொட்டியிலும் செய்யலாம். ரெண்டு இடத்திலேயும் செய்றதுதான் நம்மாளுங்களுக்குப் பிடிச்ச விளையாட்டு. 100 டிபி பூல் இருக்குன்னு வைங்க. அதிலேருந்து 4 டிபி டேட்டாஸ்டோர் நாப்பது. ஆக 160 டிபி கொடுத்தாச்சு. கையில இருக்கிறது 100. சீட்டுக் கம்பெனி மாதிரிதான், எல்லாரும் ஒரே நாள்ல வந்து கேட்காத வரைக்கும் முதலாளி நல்லவர்.

இதுல ஸ்டோரேஜ் டிஆர்எஸ் என்ன பண்ணுதுன்னு பாருங்க. ஒரு டேட்டாஸ்டோர் 82 சதம் ஆச்சு. 500 ஜிபி விஎம் ஒண்ணைத் தூக்கிப் பக்கத்துல போடுது. புது இடத்துல 500 ஜிபி எழுதணும், அது பூல்லேருந்துதான் போகும். பழைய இடத்துல இருந்த 500 ஜிபி? விஎம்வேர் கணக்குல காலி. பொட்டி கணக்குல காலி இல்லை! 'இந்த பிளாக்கெல்லாம் இனி வேணாம்'னு அன்மேப் என்கிற கட்டளை வந்து சொல்ற வரைக்கும் பொட்டி அதை வச்சுக்கிட்டேதான் இருக்கும். (டீடூப் உள்ள பொட்டின்னா தப்பிச்சீங்க, ரெண்டு காப்பியும் ஒண்ணுன்னு அதுக்குத் தெரியும்.) விஎம்எஃப்எஸ் 5 இருந்த காலத்துல அந்த அன்மேப்பை மனுஷன்தான் உட்கார்ந்து கட்டளை அடிக்கணும். 2016-ல் வீஸ்பியர் 6.5-ஓட விஎம்எஃப்எஸ் 6 வந்தப்புறம்தான் அது தானா ஓடுது. அதுவும் பின்னணியில, அவசரமே இல்லாம, மணிக்கணக்கா. அதுக்குள்ள டிஆர்எஸ் இன்னும் நாலு விஎம்மை நகர்த்தியிருந்தால்?

அதாவது, இடம் பத்தலைன்னு ஓட விட்ட மருந்தே இடத்தைத் தின்னுது.

இது ஏட்டுக் கணக்கு இல்லை மக்களே. ஒரு மாசக் கடைசி ராத்திரி, ஒரு கம்பெனியில (பேரெல்லாம் கேட்காதீங்க, இ.எம்.ஐ. இருக்கு) நைட் ஷிஃப்ட் பையன் எனக்குப் போன் பண்ணான். "அண்ணே, எல்லா டேட்டாஸ்டோரும் பச்சையாத்தான் காட்டுது. ஒண்ணுகூட 75 தாண்டல. ஆனா விஎம் ஒண்ணொண்ணா நிக்குதுண்ணே."

எதுவும் கெட்டுப்போகலை. பேலன்ஸிங் ஒழுங்கா வேலை செஞ்சிருக்கு, அதனாலதான் எல்லாம் பச்சை. கீழே பூல் 100 சதம். பூல் தீர்ந்துபோச்சுன்னா, எந்த விஎம் எழுத வருதோ அதை மட்டும் அப்படியே உறைய வைக்கும் ஏற்பாடு ஒண்ணு இருக்கு. தகவல் கெடாம இருக்க அது நல்ல ஏற்பாடுதான். ஆனா மாசக் கடைசியில எழுத வராத விஎம் எது? சம்பளப் பட்டுவாடா சிஸ்டம் வந்துச்சு, நின்னுச்சு. மெயில் வந்துச்சு, நின்னுச்சு. டொமைன் கன்ட்ரோலர் ரெண்டு, ஒண்ணு போனாலும் இன்னொண்ணு இருக்கட்டும்னு தனித்தனி டேட்டாஸ்டோர்ல வைக்கச் சொல்லி விதி எழுதி வச்சிருந்தாங்க. ரெண்டு டேட்டாஸ்டோரும் ஒரே பூல். ரெண்டும் சேர்ந்து நின்னுச்சு.

விடிகாலை வரைக்கும் பழைய டெஸ்ட் லன்களை அழிச்சு அழிச்சு பூல்ல இடம் பண்ணினோம். அதுவல்ல நான் சொல்ல வந்தது. அதுக்கு மூணு மாசம் முன்னாலேயே பூல் 85 சதம்னு பொட்டி மெயில் அனுப்பியிருக்கு. டிஸ்க் வாங்க ரிக்வெஸ்ட்டும் போயிருக்கு. அதுல ஒரு பெரிய மனுஷர் எழுதின பதில்: டேட்டாஸ்டோரெல்லாம் சராசரியா 70 சதத்துலதானே இருக்கு, தானா பேலன்ஸ் ஆகுதே, அடுத்த காலாண்டுல பார்க்கலாம். அவ்வளவுதான். அடுத்த காலாண்டு வந்தது, அந்த நைட் ஷிஃப்ட் பையனை 'மானிட்டரிங் சரியாச் செய்யவில்லை'ன்னு ப்ராஜெக்ட்லேருந்து தூக்கிட்டாங்க. கான்ட்ராக்ட் பையன். அவன் ஸ்க்ரீன்ல பச்சை, அவன் வேறென்னத்தைப் பார்ப்பான்? பூல் ஸ்க்ரீனைப் பார்க்க அவனுக்கு லாகின்கூடக் கிடையாது. டிஸ்க் மறுவாரமே வந்திறங்கியது, அதுக்கு மட்டும் காசு இருந்தது.

இதைச் சொன்னா நம்ம நண்பர்கள் சிலர் 'அதுக்காகக் கருவியைக் குத்தம் சொல்லலாமா'ன்னு சண்டைக்கு வர்றாங்க. வரட்டும். கருவிக்கு நல்ல உபயோகம் இருக்கு, இல்லேங்கலை. புது விஎம் எங்கே வைக்கணும்னு அது யோசனை சொல்லட்டும், நம்ம கைக்கணக்கைவிட நல்லாவே சொல்லும். பழைய பொட்டியைக் கழட்டிப் புதுப் பொட்டி வைக்கும்போது டேட்டாஸ்டோரை மெயின்டெனன்ஸ் மோடுல போட்டால் எல்லா விஎம்மும் அழகா வெளியே நடந்து போகும், அதுக்கு நான் ரசிகன். நிஜமாவே தனித்தனி டிஸ்க் உள்ள இடத்துல தானியங்கி பேலன்ஸ் இல்லாம முடியவே முடியாது. செஃப்ல ஒரே ஒரு டிஸ்க் 95 சதம் தொட்டாலும், மத்ததெல்லாம் பாதி காலியா இருந்தாலும், அந்த டிஸ்க்கை நம்பியிருக்கிற பூல்ல எழுதறது நின்னுபோகும். அங்கே பேலன்ஸரை அணைச்சு வைக்கிறவன்தான் முட்டாள். கிணறு தனித்தனின்னா பேலன்ஸ் பண்ணு, தொட்டி ஒண்ணுன்னா தொட்டியை எட்டிப் பாரு. இதுக்கு சர்டிஃபிகேஷன் எல்லாம் வேணாம் அண்ணாச்சி.

எட்டிப் பார்க்கிறதுன்னா சதவீதத்தை மட்டும் பார்க்கிறது இல்லை. வாரத்துக்கு எவ்வளவு டிபி வளருது, இப்படியே போனா எத்தனை வாரம் தாங்கும், பர்ச்சேஸ் ஆர்டர் போட்டு டிஸ்க் வந்து இறங்க எத்தனை வாரம் ஆகும். ரெண்டாவது எண் மூணாவதைவிடக் கம்மியானா அன்னிக்கே அபாய மணி அடிக்கணும், அது 60 சதமா இருந்தாலும் சரி. அப்புறம் அந்த ஸ்னாப்ஷாட் குப்பை. 72 மணி நேரத்துக்கு மேல ஸ்னாப்ஷாட்டை வச்சிருக்காதேன்னு விஎம்வேரே சொல்லுது. நம்மாளுங்க போன வருஷ பேட்ச்சுக்கு முன்னாடி எடுத்ததைப் பொங்கலுக்கு அடிச்ச சுண்ணாம்பு மாதிரி அடுத்த பொங்கல் வரைக்கும் விட்டு வைப்பாங்க. அது வளர்ந்து வளர்ந்து அசல் டிஸ்க் அளவுக்கே வரும். டிஆர்எஸ் அந்தக் குப்பையையும் சேர்த்து அன்பா இடம் மாத்தி வைக்கும், ஒரு நாளும் 'இது எதுக்கு'ன்னு கேட்காது.

வேடிக்கை என்னன்னா, வேகத்தைப் பார்த்து நகர்த்துற அந்தப் பாதியை விஎம்வேரே கைகழுவப் போறதா 2024-ல் வந்த 8.0 அப்டேட் 3 வெளியீட்டுக் குறிப்புல எழுதியாச்சு. இடத்தைப் பார்த்து நகர்த்துறதும், புது விஎம்முக்கு இடம் சொல்றதும் மட்டும் தொடருமாம். பெத்தவனே விட்டுட்டான், வளர்ப்பு அப்பன் மட்டும் விடமாட்டேங்கறான் :-)

எங்க ஆடிட் ஷீட்ல இன்னிக்கும் ஒரு கட்டம் இருக்கு: 'ஸ்டோரேஜ் டிஆர்எஸ் முழு ஆட்டோமேட்டிக்கில் உள்ளதா? ஆம் / இல்லை.' இல்லைன்னு போட்டா சிவப்பு. பக்கத்துல நான் ஒரு கட்டம் சேர்த்து அனுப்பினேன்: 'பூல் இன்னும் எத்தனை வாரம் தாங்கும்?' திரும்பி வந்த ஷீட்ல அந்தக் கட்டம் இல்லை. ஃபார்மேட் மாறக்கூடாதாம். மறுபடி சேர்த்து அனுப்பியிருக்கேன்.