பெரிய மீன் ஆசை

எங்கள் மண்ணூர்பேட்டைக்குக் காசிமேட்டிலிருந்து மீன் கூடை சுமந்து வரும் ஆயாவிடம், "களவா இருக்கா? பெரிசா ஒண்ணு குடு ஆயா" என்று கேட்பதுதான் என் வழக்கம். சின்ன முள் குறைவு, வெள்ளை வெளேரென்ற சதை. பார்த்து உதிர்த்துக் கொடுத்தால் குழந்தைகளும் அடம் பிடிக்காமல் சாப்பிடும். தலையைத் தனியே குழம்பு வைத்தால் தெருவே மணக்கும்.

ஆறு மாதம் முழுகாமல் இருக்கும் மகள் வந்தபோதும் பெரிய மீனாகத்தான் வாங்கினேன். பரிசோதனைக்குப் போன இடத்தில் டாக்டரம்மா, "மீன் அவசியம் கொடுங்க; ஆனா பெரிய மீன் வேண்டாம்மா" என்றாரே பார்க்கணும்! எனக்குச் சுருக்கென்றது.

காரணம் இதுதான். களவா, பாறை இடுக்கில் பதுங்கியிருந்து சின்ன மீன், நண்டு, இறால் எதையும் லபக்கென்று விழுங்கும். இரையிலுள்ள பாதரசம் அதன் சதையில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். வயது ஏற ஏற அதிகமாகும். கழுவினாலும் கொதிக்க வைத்தாலும் போகாது. வயிற்றிலுள்ள சிசுவின் மூளை வளர்ச்சிக்கு அது கெடுதல். பால் சுறாக்கும் இதே கதைதான். பால் ஊறட்டும் என்று பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப் புட்டு செய்து கொடுக்கிறோமே, அதையும் குறைத்துக் கொள்ளச் சொல்கிறார்கள்.

களவாவின் வாழ்க்கை இன்னும் வேடிக்கை. முதலில் பெண்ணாக இருந்து முட்டையிடும். சில வருடம் வளர்ந்த பிறகு அவற்றில் சில ஆணாக மாறிவிடும்! ஆகவே பெரிய மீன்களில்தான் ஆண்கள் அதிகம். எல்லோரும் என்னைப் போல் பெரிசாகவே கேட்டால், கடலில் பெண் மீன்களுக்கு ஜோடி ஏது? அதற்காகப் பொடிக் குஞ்சையும் வாங்கக் கூடாது. அது ஒரு தடவைகூட முட்டையிட்டிருக்காது.

செங்கடலிலிருந்து பசிபிக் கடல் வரை களவா இனங்கள் உண்டு. நம் பக்கம் தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே, மன்னார் வளைகுடாத் தீவுகளின் பவளப் பாறைகள் அதற்குத் தாய் வீடு மாதிரி. 1986-ல் அந்தப் பகுதியைக் கடல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். வருடா வருடம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கிழக்குக் கரையில் விசைப்படகு மீன்பிடிக்குத் தடை. மீன் விலை ஏறும்தான். முணுமுணுக்காமல் பொறுத்துக் கொள்வோம்.

இப்போது மகளுக்கு வாரத்தில் ஒரு நாள் நடுத்தரக் களவா, இன்னொரு நாள் நெத்திலி அல்லது மத்தி. "என்னம்மா, கை சுருங்கிடுச்சா?" என்று ஆயா கேலி செய்கிறாள். "இல்ல ஆயா, புத்தி வந்துடுச்சு!" என்றேன்.