இல்லத்து நிழற்படங்கள்

ஓடுகின்ற ஆற்றுநீரை அணையிட்டுத் தேக்கலாம். ஓடுகின்ற காலத்தைத் தேக்குதல் எவர்க்கும் இயலாது. ஆயினும், கழிந்த நாளின் சாயலையேனும் காத்து வைத்தல் வேண்டும் என்னும் ஆவல் மக்கட்குத் தொன்றுதொட்டு உண்டு. பண்டைத் தமிழர், போரில் பட்ட வீரனுக்கு நடுகல் நாட்டி, அதில் அவன் பெயரையும் பெருமையையும் பொறித்தனர். வேந்தர் தம் வெற்றிகளைக் கல்லிலும் செப்பேட்டிலும் வெட்டுவித்தனர். வீரனுக்குக் கல் இருந்தது. வேந்தனுக்குச் செப்பேடு இருந்தது. உழுத உழவனுக்கும், பிள்ளைக்குச் சோறூட்டிய தாய்க்கும் என்ன இருந்தது? அவர்தம் முகங்கள் கண்டவர் நெஞ்சில் சிலகாலம் வாழ்ந்து, அந்நெஞ்சங்களோடு மறைந்தன. அக்குறையைத் தீர்க்க வந்ததே நிழற்படக் கலை.

பிரான்சு நாட்டுத் தாகேர் கண்ட முறை 1839-ஆம் ஆண்டில் உலகுக்கு வெளியாயிற்று. அந்நாளில் படம் எடுத்துக்கொள்வோர் நெடுநேரம் அசையாதிருத்தல் வேண்டும். தலை ஆடாதிருக்கப் பின்புறம் இரும்புத் தாங்கி வைத்தலும் உண்டு. பழைய படங்களில் உள்ளோர் முறுவலின்றி இறுகிய முகத்தினராய்த் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும். 1888-இல் அமெரிக்க நாட்டு ஜார்ஜ் ஈஸ்ட்மன் ‘கோடக்’ என்னும் சிறு கருவியை விற்பனைக்குக் கொணர்ந்தார். அதனுள் நூறு படங்களுக்குரிய சுருள் இருந்தது. எடுத்து முடித்தவர் கருவியையே தொழிற்சாலைக்கு அனுப்புவர். அச்சிட்ட படங்களும், புதுச் சுருள் இட்ட கருவியும் திரும்பி வரும். அதன் விலை 25 டாலர். 1900-இல் வந்த ‘பிரௌனி’ என்னும் கருவியின் விலையோ ஒரே டாலர். தொழில் வல்லார் கையிலிருந்த கலை இவ்வாறு இல்லத்தார் கைக்கு வந்தது.

கருவி எளிதாயிற்று, ஆனால் எதனைப் படம் எடுப்பது என்னும் அறிவு அத்துணை எளிதில் வரவில்லை. நம் நாட்டு இல்லங்கள் பலவற்றில், திருமணத்தன்றும் அறுபதாம் ஆண்டு நிறைவன்றும் எடுத்த படங்களே சுவரில் தொங்கின. படநிலையத்தில், மாளிகையும் மலர்ச்சோலையும் தீட்டிய திரையின் முன், புத்தாடை அணிந்து நின்றனர். அப்படங்களை இகழ்தல் தகாது. அவையும் இல்லாத வீடுகள் எத்தனையோ! ஆயினும் அவற்றில் விழா உண்டு, வாழ்க்கை இல்லை.

நல்ல படம் எது என்பதை அறியத் தமிழ் மாணாக்கர் வேற்று நூல்களைத் தேட வேண்டுவதில்லை. அகப்பொருட் பாடலுக்குத் தொல்காப்பியம் வகுத்த முதல், கரு, உரி என்னும் மூன்றுமே இதற்கும் போதும். நிலமும் பொழுதும் முதற்பொருள்; சூழ உள்ள உயிர்களும் பொருள்களும் கருப்பொருள்; மாந்தர் ஒழுக்கம் உரிப்பொருள். தீட்டிய திரையின் முன் எடுத்த படத்தில் நிலம் பொய், கருவும் இரவல், உரி மறைந்து நிற்கிறது. அதற்கு மாறாக, விடியற்காலையில் வாயிலில் கோலமிடும் பாட்டியின் படத்தைக் காண்க. சாணம் தெளித்த தரை நிலத்தைக் காட்டும். நீண்ட நிழல் பொழுதைக் காட்டும். மாக்கிண்ணமும் திண்ணையும் கருப்பொருளாகும். குனிந்த முதுகும் பிசகாத விரலும் அவள் வாழ்ந்த வாழ்வையே கூறும். நாள்தோறும் அடுப்படியில் உழைக்கும் தாய், விழா நாளில் மட்டும் பட்டுடுத்திப் படத்தில் நிற்பாளாயின், பேரர்கள் அவள் உடையை அறிவர், உழைப்பை அறியார்.

இவ்வுண்மையை இளமையிலேயே உணர்ந்தவர் பிரான்சு நாட்டு ழாக் ஆன்றி லார்த்திக். 1894-இல் பிறந்த அவர், சிறுவராய் இருக்கும்போதே தந்தையிடமிருந்து கருவி பெற்றார். படியிலிருந்து தாவும் உறவினளையும், பறக்கும் பொறி செய்து விளையாடும் தமையனையும் படம் எடுத்தார். அவற்றை ஏடுகளில் ஒட்டிக் குறிப்பும் எழுதினார். 1963-இல் நியூயார்க் நகரத்து நவீனக் கலைக்கூடம் அப்படங்களைக் காட்சிக்கு வைத்தபோது அவர்க்கு வயது அறுபத்தொன்பது. வீட்டுக்கென எடுத்த படங்கள் ஒரு காலத்தின் வரலாறாக மதிக்கப்பெற்றன.

நம் நாட்டிலும் இத்தகையார் உளர். பஞ்சாபில் 1870-இல் பிறந்த உம்ராவ் சிங் சேர்கில், வடமொழியும் பாரசீகமும் கற்ற அறிஞர். ஓவியர் அமிருதாவின் தந்தை. ஹங்கேரியிலும் சிம்லாவிலும் பாரிசிலும் வாழ்ந்த நாட்களில், தம் மனைவியையும் மகளிர் இருவரையும் அவர் இடைவிடாது படம் எடுத்தார், தம்மையும் எடுத்துக்கொண்டார். அமிருதா 1941-இல், இருபத்தெட்டாம் வயதில் மறைந்தார். மகளின் இளமையைத் தந்தையின் படங்களில் இன்றும் காணலாம்.

பயணத்திலும் இவ்விதியே பொருந்தும். மாமல்லபுரத்துச் சிற்பங்களை வல்லவர் எடுத்த படங்கள் நூல்களில் நிரம்ப உள்ளன. அச்சிற்பத்தின் அருகே, வெயிலுக்குத் தந்தையின் துண்டைத் தலையிலிட்டு நிற்கும் தங்கையின் படம் எந்நூலிலும் கிடையாது. சிற்பியே இதற்கு வழிகாட்டி. கண்ணன் மலை தாங்கும் அரிய காட்சியைச் செதுக்கிய அவன், அதே பாறையில், ஆயன் பால் கறப்பதையும் பசு கன்றை நக்குவதையும் செதுக்கினான். அருஞ்செயலைக் கண்ட கண், அன்றாடச் செயலையும் மறக்கவில்லை. எனினும், சென்ற இடத்தில் முதலில் கண்ணாரக் காணுதல் வேண்டும். கருவியை எடுத்தல் அதன் பின்னரே. வழியில் காணும் ஏழையரையும் துயருற்றோரையும் அவர் இசைவின்றிப் படம் எடுத்தல் பண்பாகாது.

இக்காலத்தில் கைப்பேசி ஏந்தியோர் யாவரும் படம் எடுக்கின்றனர். ஒரே நாளில் நூறு படம் எடுப்பாரும் உளர். ஆனால் அவற்றை மீண்டும் பார்ப்பார் சிலர். அச்சிட்டுக் காப்பார் மிகச் சிலர். கைப்பேசி பழுதானால், பல்லாண்டுப் படங்கள் ஒருநொடியில் அழியும். காக்கப்பெற்ற படங்களுக்கும் வேறோர் அழிவு உண்டு. பழைய பேழையைத் திறந்து, ‘இவர் யார்?’ எனப் பேரன் வினவுகிறான். விடை கூற வல்ல பாட்டி இல்லை. படம் இருக்கிறது, உறவு அழிந்துவிட்டது. பெயர் பொறிக்காத நடுகல் வழிப்போக்கர்க்கு வெறுங்கல்லே அன்றோ?

ஆதலின், படம் எடுப்போர் எண்ணிச் சில எடுத்தல் வேண்டும். அவற்றுள் சிறந்தனவற்றை அச்சிடல் வேண்டும். உள்ளவர் பெயர், ஊர், நாள் ஆகியவற்றைப் பின்புறத்தில் மென்மையான எழுதுகோலால் குறித்து வைத்தல் வேண்டும். வீட்டில் முதியோர் இருக்கும்போதே பழைய படங்களை அவரிடம் காட்டி, பெயர்களைக் கேட்டு எழுதுதல் இளைஞர் கடமை. இப்பணிக்குப் பொருட்செலவு இல்லை; ஒரு மாலைப் பொழுதும் ஓர் எழுதுகோலும் போதும். நாளை எனத் தள்ளிவைத்தால், கேட்பதற்கு ஆள் இராது.